கதவோரத்து இருக்கை

பாஸ்டன்
ஏப்ரல் 9

அன்புள்ள மாரென்,

கைபேசியில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபாலைத் தடுக்க உன்னால் முடியாது. நலம்தானே? அணித்தலைவி ஆகிவிட்டாயாம். சந்தோஷம். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

இரண்டு வருஷம் உன் பக்கத்தில் பனித்தரையில் ஹாக்கி ஆடிவிட்டு, பெரிய கல்லூரி கூப்பிட்டதும் மூட்டை கட்டியவள் நான். இங்கே என்னைப் போல மாறி வந்தவர்கள் மட்டும் பதினோரு பேர். ஆட்டத்தில் யார் யாருக்குத் தட்டித் தருவார்கள் என்று புரிவதற்குள் சீசனே முடிந்துவிட்டது. நான் பாதி நாள் பெஞ்சில்தான். கடைசி வருஷத்தை நம் பைன் ஹார்பர் கல்லூரியிலேயே ஆட ஆசை. நம் பயிற்சியாளர் ஹாகன் சாரிடம் பேசினேன். "இருக்கறது ஒரு இடம். மாரென் சரின்னா எனக்கும் சரி" என்றார்.

சரி என்பாயா?

உன்
ஸ்வேயா

---

பைன் ஹார்பர், மினசோட்டா
ஏப்ரல் 17

ஸ்வேயா,

'அன்புள்ள' போட மனம் வரவில்லை. நீ போகிற செய்தியை ஹாகன் சார் சொல்லித்தானே நான் தெரிந்துகொண்டேன்?

உன் இடத்தில் டெஸ்ஸை இறக்கினோம். இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்தாளே, அவளேதான். ஒன்பது கோல் அடித்தாள். ஒரு பல் போயிற்று. அதனால் சார் கேட்டபோது, நீ வேண்டாம் என்றேன். அவர் புலம்பினார்: "வெளியிலேர்ந்து வர்றவங்களயே நம்பினா அடுத்த வருஷம் அணியில ஆளே இருக்காது. நம்ம பிள்ளைங்களயே நம்பினா, அதுங்க தேறறதுக்குள்ள எனக்கு வேலை போயிடும்."

டெஸ் காதில் விழுந்துவிட்டது. "வரட்டும்டி! மூணு வருஷமா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து என்னத்த ஜெயிச்சோம்? என் இடத்த மட்டும் கேக்கக் கூடாது" என்றாள். அவளுக்கு இருக்கிற மனசு எனக்கு இல்லை.

ஆக, வரலாம். ஆனால் நம் அணி உடை மாற்றும் அறையில் வழக்கம் தெரியுமே: புதிதாக வருகிறவள் யாரானாலும் கதவோரத்து இருக்கை, முதல் வருஷப் பிள்ளைகளோடு சேர்ந்து மூட்டை சுமக்க வேண்டும். ஆட்டத்திலும் கடைசியாக இறங்குகிற நான்காவது வரிசைதான். மிஷிகன் கல்லூரி அணியில் உனக்கு முதல் வரிசையே தருகிறார்களாமே, சார் சொன்னார். யோசித்து எழுது.

மாரென்

---

பாஸ்டன்
ஏப்ரல் 24

அன்புள்ள மாரென்,

நான் சொல்லாமல் போனது தப்பு. உன் முகத்தைப் பார்த்தால் போக மாட்டேன் என்று பயந்தேன். மன்னித்துவிடு.

டெஸ்ஸின் இடம் டெஸ்ஸுக்கே. ஒரு வருஷம் உட்கார்ந்ததிலேயே எனக்கு அழுகை வந்தது. அவள் எப்படி இரண்டு வருஷம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாளோ! கதவோரத்தில் தாராளமாக உட்காருகிறேன். மூட்டையும் சுமக்கிறேன். அந்தப் பிள்ளைகள் என்னைக் கிழவி என்றால் மட்டும் உதைப்பேன்.

மிஷிகன்காரர்களுக்கு ஏப்ரல் எட்டாம் தேதியே முடியாது என்று சொல்லியாகிவிட்டது. மறுநாள்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். "அந்தப் பொண்ணு வேண்டாம்னுட்டா என்னடி பண்ணுவே?" என்று அம்மா கத்தினாள்.

"படிக்கவாவது அங்கதான் போவேன். டிக்கெட் வாங்கி உக்காந்து, அவ கோல் அடிச்சா கை தட்டுவேன்" என்றேன்.

உன்
ஸ்வேயா