அனிஷாவின் பாத அளவு

திண்டுக்கல்
03.07.2025, வியாழன், காலை 6.20.
உன்னிடமிருந்து வந்த கடிதங்கள்: ஐந்து. என் பதில்: இது ஒன்று.

அண்ணனுக்கு,

சிறையில் உன்னைத் தோல் பட்டறையில் போட்டிருப்பதாகவும், தைக்கிற செருப்பெல்லாம் விறைத்து வெடிப்பதாகவும் எழுதியிருந்தாய். தோல் தொழில்நுட்பம் படித்தவன் என்ற முறையில் அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நனைந்த தோலை வெயிலில் போடாதே. நிழலில், காற்றில், தானாகக் காயவேண்டும். தேங்காயெண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டாதே. துணியில் நாலு சொட்டு எடுத்துத் தேய்த்தால் போதும். வெட்டும் முன் தோலை இரண்டு கையாலும் இழுத்துப் பார். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், முதுகுப் பக்கம் நீளாது. செருப்பு வாரை முதுகுப் பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். இதுகூடத் தெரியாமல் கத்தியைக் கையில் எடுத்தால் எப்படி?

ஆண்டனிராஜ்

*

மத்திய சிறை
12.07.2025

அன்புத் தம்பிக்கு, அண்ணன் ஞானதாஸ் எழுதுவது. நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டும்.

இரண்டரை வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். நாலு தடவை படித்தாயிற்று. பக்கத்தில் தைக்கிற அப்துல் லத்தீப் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, லெட்டரா, மருந்துச் சீட்டா?" என்றார். "எந்தம்பி பேச்சே இம்புட்டுதான் பாய்" என்றேன்.

நிழலில் காயவைத்தேன். வெடிக்கவில்லை. இவ்வளவு எழுதியவன், அனிஷா எப்படியிருக்கிறாள் என்று ஒரு வரி எழுதக்கூடாதா அப்பு? மிச்சம் விழுந்த துண்டில் அவளுக்கு ஒரு ஜோடி தைத்திருக்கிறேன். அனுமதி வாங்கித்தான் அனுப்புகிறேன். மாட்டிப் பார்த்து எழுது.

அவள் அம்மா பெயரை எழுத எனக்குத் தகுதியில்லை. செபத்தில் மட்டும் சொல்கிறேன்.

உன் அண்ணன்
ஞானதாஸ்

*

திண்டுக்கல்
24.07.2025

அண்ணனுக்கு,

செருப்பு வந்தது. நுழையவில்லை. குதிகால் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது. நீ தைத்தது இரண்டு வயதுப் பிள்ளைக்கு. கடைசியாக நீ பார்த்தபோது அவளுக்கு அந்த வயது. இப்போது நாலரை. "அப்பா, இது பாப்பா செருப்புப்பா, எனக்கில்ல" என்று சொல்லிவிட்டுப் பொம்மைக்கு மாட்டிவிட்டாள். அளவெடுக்காமல் யாராவது தைப்பார்களா?

தையலும் சரியில்லை. முதலில் குத்தூசியால் ஓட்டைகளை ஒரே இடைவெளியில் போடு. நூலுக்கு மெழுகு தடவு. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் அதே ஓட்டையில் விடு. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். தைத்து முடித்ததை பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பாதே. பூஞ்சை பிடித்து வந்தது. உலர்ந்த துணியால் துடைத்தேன்.

ஆண்டனிராஜ்

*

மத்திய சிறை
02.08.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாள் நகரவில்லை. அங்கே பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு தாளில் அவள் பாதத்தை வரைந்து அனுப்புவாயா? என்னைப் பார்க்க வா என்று கேட்கவில்லை. பாதம் மட்டும் போதும்.

மனசு வரவில்லையென்றால் விடு. இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். குடித்துவிட்டு பைக்கை ஓட்டி உன் டெய்சியைக் கொன்றவன் நான். தப்பு முழுக்க என்னுடையது. நீ என்ன செய்தாலும் தகும்.

ஞானதாஸ்

*

திண்டுக்கல்
10.08.2025, ஞாயிறு

அண்ணனுக்கு,

'முழுக்க' என்று நீ எழுதியது தவறு.

அன்றைக்குப் பரீட்சைக்குக் கிளம்பிய டெய்சியைக் கொடைரோடு ஸ்டேஷனில் விடவேண்டியவன் நான். தோல் ஷாப்பில், பதனிடும் டிரம்மில் ஒரு லோடு தோல் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் அமிலம் விட்டுச் சோதிக்க வேண்டும். விட்டுவிட்டு வந்தால் இருநூறு தோலும் பாழ். உனக்குப் போன் போட்டேன். டெய்சி காத்து நின்ற ஷாப் வாசலுக்கு நீ பைக்கில் வந்தாய். வாடை அடித்தது.

"அண்ணே, குடிச்சிருக்கியா?"

"கொஞ்சூண்டுதான். நீ போய் வேலையப் பாரு அப்பு."

டெய்சி முழுசாக ஏறவில்லை. ஒரு கால் பைக்கில், ஒரு கால் தரையில், என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாது, ஏறு. ட்ரெயின் போயிரும்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வாடை எனக்குத் தெரியவே தெரியாது என்று கோர்ட்டில் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறக்கவில்லை.

லோடு நன்றாக வந்தது. ஒரு தோலில்கூடக் கறையில்லை. அந்த நாளில் அது மட்டும்தான் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. அழுகை இன்னும் வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை.

கடிதங்களை அங்கே அதிகாரி படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

உன் தம்பி
ஆண்டனிராஜ்

இனி நான் செய்யப்போவது:

1. இன்று சாயங்காலம் அனிஷாவைத் தாளில் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு பாதத்தையும் வரைவேன். சாயங்காலம்தான் பாதம் முழு அளவில் இருக்கும். நீ விரல் முனைக்கு முன்னால் அரை அங்குலம் விட்டு வெட்டு. பிள்ளை வளரும்.

2. நாளை அந்தத் தாளையும் இந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் பதிவுத் தபாலில் போடுவேன்.

3. செருப்பு தைப்பது பெரியப்பா என்று அவளிடம் சொல்வேன்.

4. அகரத்துக்குப் போய் டெய்சியின் அப்பா முன்னால் நின்று, வாடை தெரிந்துதான் அனுப்பினேன் என்று சொல்வேன்.

5. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு, உன்னைப் பார்க்க மனுப் போடுவேன். அதற்கு முன்னால் வர என்னால் ஏலாது.