இத்தா அறையில் காய்ந்த ஸ்கிரீன்

மதினி, அன்று உங்கள் குரல் வாசல்வரை கேட்டபோது நான் ஏன் வெட்கப்பட்டேன்? இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை.

நேற்று உங்கள் மகள், ஸ்கிரீன் அச்சுக்குப் பூசும் எமல்ஷன் டின்னைத் திறந்தாள். நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் அந்தப் பசை மணந்தது இதுதான் முதல் தடவை. ஸ்கிரீனில் பூசி, மேசை விசிறியைப் போட்டுவிட்டு, "காஞ்சிரும் மாமி" என்றாள். அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

உங்கள் கணவர், என் உடன்பிறந்த காக்கா, மவுத்தானது புயலுக்கு அடுத்த வருட மாரியில். மருதமுனைத் தறிக்காரருக்குச் சாரன் லேபலும், ஊருக்குக் கலியாண அழைப்புக் காட்டும் அவர் வீட்டிலேயே அடித்துக் கொடுத்தார். உங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான். அவர் ஏற்றிருந்த காட்டு வேலை ஒன்று மிச்சம் கிடந்தது. அது தவறினால் இனி யாரும் அந்த வீட்டுக்கு வேலை கொண்டுவர மாட்டார்கள். இரசாயனம் படிப்பிக்கிறவள் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

பூசுவது பெரிய வேலையில்லை, காயவைப்பதுதான் பாடு. ஈரம் மிச்சமிருந்தால் வெயில் அந்தப் பசையை இறுக்காது, கழுவும்போது எழுத்துப் பதியாமல் பசையெல்லாம் தண்ணீரோடு போய்விடும். என் முதல் முயற்சி அப்படித்தான் போனது. காயும்வரை இருட்டு வேண்டும், சூடு வேண்டும், தூசி கூடாது. புயல் பிரித்த கூரையை நாங்கள் முழுதாக மாற்றியிருக்கவில்லை. எல்லா அறையிலும் வெளிச்சம் ஒழுகியது. நீங்கள் நாலு மாதமும் பத்து நாளும் ஒதுங்கி இத்தா இருந்த அறையைத் தவிர. கணவனை இழந்தவள்மேல் பிற ஆண்களின் கண் படக்கூடாதென்று ஜன்னலுக்குக் கறுப்புச் சேலை கட்டியிருந்தோம். குளிருக்குத் தணல் சட்டியும் இருந்தது.

நான் கேட்கவில்லை. நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்.

"மச்சி, அத இஞ்ச கொண்டாங்க. இவ்வளவு இருட்டும் எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?"

"இது கலியாணக் காட்டு, மதினி."

"ஓம், தெரியும். நானும் கலியாணம் முடிச்சவதானே."

பூசிய முகம் கீழே பார்க்க, நான்கு பால் டின்களின்மேல் ஸ்கிரீனைக் கிடத்தினேன். "பாவம், இதுவும் இத்தா இருக்கு. வெளிச்சமும் படப்படாது, ஆளும் தொடப்படாது" என்று சிரித்தீர்கள். காக்கா போன பிறகு அன்றுதான் சிரித்தீர்கள்.

துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு, மணப்பெண்ணின் வாப்பா வாசலில் நின்றார்.

"டீச்சர், எண்ட மகள்ர காட்டு இத்தா அறைக்குள்ள கிடக்காம். ஊரெல்லாம் கதைக்கிது. வேணாம், அதக் கழுவிப் போடுங்க. நாங்க வேற இடத்துல அடிக்கிறம்."

உள்ளிருந்து உங்கள் குரல் வந்தது, உரத்து, நடுக்கமில்லாமல்.

"ஹாஜியார், வெளிச்சம் பட்டாத்தான் அது கெடும். எண்ட மூச்சுப் பட்டுக் கெடாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

இத்தாவில் இருப்பவளின் குரல் அந்நிய ஆணின் காதில் விழக்கூடாது என்பார்கள். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று ஆசிரியர் அறையில் வாதாடியவள் நான். ஒரு வக்துத் தொழுகையும் தவறாத நீங்கள் அதை மீறினீர்கள். என் முகம் எரிந்தது. நான் செய்த முதல் வேலை உங்கள் அறைக் கதவை இழுத்துச் சாத்தியது. ஸ்கிரீனில் வெளிச்சம் படாதிருக்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவு முன்பே பாதிக்குமேல் சாத்தித்தான் இருந்தது. உள்ளே திரையும் தொங்கியது. நீங்கள் அதைப்பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அந்தக் கதவுச் சத்தம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மறுநாள் வெயில் எறித்தது. ஸ்கிரீன் சருகுபோலக் காய்ந்திருந்தது. எழுத்து வரைந்த படத்தாளோடு கண்ணாடிக்கடியில் வைத்து வெயில் காட்டிக் கழுவினேன். பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் துலக்கமாக நின்றன. நண்பகல் லுகர் தொழுகைக்கு முன் ஹாஜியார் திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. சேலை கட்டிய ஜன்னலின் பக்கம் முகத்தைத் திருப்பி, "தங்கச்சி, காட்டு எப்ப கிடைக்கும்?" என்று கேட்டார். உள்ளே நீங்கள் இருமுவது மட்டும் கேட்டது. அவர் காத்து நின்றார். கடைசியில் நான்தான் சொன்னேன்: "வெள்ளிக்கிழமைக்கு முன்ன தாறம்."