நீ சொல்லாத பேர்

சேசு மரி சூசை

புதுச்சேரி,
புதன்கிழமை ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு லினெட் எழுதுவது. நீ அங்கே சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிர் கோட்டின் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் சுகம். அம்மா சொல்லச் சொல்ல எழுதியே பழகிவிட்டதால் எனக்கு வேறு மாதிரி கடிதம் ஆரம்பிக்கத் தெரியவில்லை, நடுவில் உனக்குப் புத்திமதி ஏதாவது வந்தால் கோபித்துக்கொள்ளாதே, அது கைப்பழக்கம். அம்மாவின் கடிதம் பார்சலில் மேலேயே இருக்கும். இதை நான் அடியில் வடகப் பொட்டலத்துக்குள் வைக்கப்போகிறேன், நாளைக்கு இந்தப் பார்சலைக் கொண்டுவருகிற செல்வாம்பாள் அத்தை விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு பொட்டலத்தையும் மோந்து பார்ப்பார், வடகத்தை மட்டும் தள்ளி வைத்துத்தான் மோந்து பார்ப்பார். எல்லோரும் படுத்துவிட்டார்கள். திருஇருதயப் படத்துக்குக் கீழே எரிகிற சிவப்பு பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் குறட்டை நிற்கும்போதெல்லாம் என் பேனாவும் நின்றுவிடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அது குறட்டையின் தப்பு.

இதைப் போனில் சொல்ல முடியாது. நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும், உனக்கே தெரியும். செம்மல் மாமாவின் போனில் சொல்லலாம் என்றால், உன் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்லவில்லை அக்கா, அவர் முகத்தில் ஒரு ரகசியமும் அரை மணி நேரம் தங்காது. விஷயம் இந்த பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலில் உன் ஓட்டைப் பற்றியது. நீ பிரான்சுக்குப் போன பிறகும் ஓட்டர் பட்டியலில் பேரை அங்கே மாற்றாமல் இங்கே கான்சுலேட்டிலேயே விட்டுவிட்டு, எனக்குப் பதிலாக அப்பா ஓட்டுப் போடலாம் என்று புரொக்குரசியோன் எழுதிக்கொடுத்தாயே, அதனால் வந்த வினை இது.

முதல் சுற்றுக்கு அப்பா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய், பேர்ச் சீட்டை மடித்து வைத்துத் தனக்கு ஒரு உறை உனக்கு ஒரு உறை என்று பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். அவர் போட்ட ஆள் தோற்றுப்போனார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சுற்றுக்கு மிஞ்சின இரண்டு பேரில் ஒருத்தர் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதவைச் சாத்தணும் என்கிறார், இன்னொருத்தர் சாத்த வேண்டாம், ஆனால் வருகிறவன் பரீட்சை எழுதணும், காகிதம் காட்டணும், காத்திருக்கணும் என்கிறார். அப்பா பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு, ஒருத்தன் கதவைச் சாத்தறான், இன்னொருத்தன் கதவைத் தொறந்துவெச்சிட்டு வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கறான், ரெண்டு பேருக்கும் என் ஓட்டு கெடையாது, நான் போகவே போறதில்லன்னு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர்கள் சாத்துகிறவர், நாற்காலிக்காரர், அவ்வளவுதான். பாதி வயசை அவங்க பட்டாளத்துல போட்டவன் நான், என் மருமவன் ஒருத்தனை உள்ள விடறதுக்கு யோசிக்கறவனுக்கு வரிசையில நின்னு ஓட்டுப் போடணுமா, நான் போவாம இருந்தாத்தான் என் கோவம் அவனுக்குத் தெரியும் என்றார். உங்க கோவம் பக்கத்துத் தெருவுக்கே கேக்கல, பாரீசுக்குக் கேக்கப்போவுதா என்றாள் அம்மா.

எனக்கு ஓட்டுப் போட இன்னும் வயசு ஆகவில்லை, அம்மாவுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டே இல்லை, நம் வீட்டில் அவள் ஒருத்திதான் இந்தியக்காரி. எனக்கு ஓட்டு இல்லாத விஷயத்துல நான் வாயைத் தொறக்க மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே பேசிக்கொண்டிருக்கிறாள். பெரிய மார்க்கெட்டுக்குப் போறோம், ரெண்டு மீனும் பழசா இருக்குது, அதுக்காக வெறுங்கையோட வந்துடறோமா, செவுளைத் தூக்கிப் பாத்து எது கொஞ்சம் செவப்பா இருக்குதோ அதை வாங்கிட்டு வர்றதில்லையா என்று கேட்டாள். அப்பா யோசிக்கவே இல்லை, அன்னிக்கு சாம்பார் வை என்றார்.  போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால் சாம்பார். ஞாயிற்றுக்கிழமை அக்கா, நம் வீட்டில். அப்பளம்கூட இல்லை. மீன் குழம்பை நம்பி மூலக்குளத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்த செம்மல் மாமா தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். பாவம் அவர், விசாவுக்காக பிரெஞ்சு வகுப்புக்குப் போய்ப் போய், சாம்பார் ருசியாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று பிரெஞ்சிலேயே கேட்டார். அந்த வாரத்தில் அப்பா சிரித்தது அப்போது மட்டும்தான். மாமா கை கழுவிவிட்டு வந்து, எனக்காக யாருக்கும் போடாதீங்க மாமா, அப்புறம் விசா வரலைன்னா உங்களுக்கு ரெண்டு வருத்தமாயிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனிமேல்தான் நான் செய்தது. நேற்று சாயங்காலம் அப்பாவிடம் மெதுவாக, உங்க ஓட்டு சரி, அக்கா ஓட்டையும் போட மாட்டீங்களா என்று கேட்டேன். அவ ஒண்ணும் சொல்லலையே, சொன்னா போடுவேன், அடுத்தவங்க ஓட்டுல நம்ம கோவத்தைக் காட்டக்கூடாது என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. நீங்க குளிக்கும்போது அக்கா பேசினா, நாற்காலிக்காரருக்குப் போடச் சொன்னா என்று சொல்லிவிட்டேன். அப்பா திட்டுவார், குறுக்குக் கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, அப்ப அவ அங்கயே இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாளா என்று மட்டும் கேட்டார்.  அவரே எழுந்து போய்ச் சட்டையை எடுத்துக் கஞ்சியில் நனைத்தார். அடுப்படியில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, ரெண்டு பேர் மேலயும் கோவம்னு ஊருக்கெல்லாம் சொல்றாரு, கதவை முழுசா சாத்திட்டா பொண்ணு பொட்டியைத் தூக்கிட்டு வந்துடுவான்னு உள்ளுக்குள்ள நெனைக்கிறது எனக்குத் தெரியாதா என்றாள்.

அக்கா, எனக்கும் அந்த நினைப்பு உண்டு. மாமாவுக்கு விசா இல்லை என்று ஆகிவிட்டால் நீ திரும்பி வந்துவிடுவாய், நம் அறையில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலை உனக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அப்படி இருந்தும் என் வாயில் நாற்காலிக்காரர் பேர்தான் வந்தது. ஏன் என்று தெரியவில்லை, மாமா அந்தச் சாம்பாரைக் கேட்ட விதத்தினால் இருக்கலாம். இப்போது எனக்கு இருக்கிற பயம் வேறு. போன வாரம் பேசும்போது, நான் அங்க இருந்தா ஓட்டு அன்னிக்குப் போர்த்திக்கிட்டுத் தூங்கியிருப்பேன் என்று நீதான் சொன்னாய். அப்படியானால் உன் தூக்கத்தை நான் எடுத்துப் பெட்டியில் போடப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை வழக்கம்போல அப்பா உன்னைக் கூப்பிடுவார், ஸ்பீக்கரில், கட்டாயம் கேட்பார்.

அதனால் இந்தப் புத்திமதியை அம்மா சொன்னதாகவே எடுத்துக்கொள். நான் சொன்ன பேரைத்தான் சொல்லணும் என்று இல்லை. சாத்துகிறவர் பேரைச் சொன்னாலும் சொல், அப்பா மயக்கம் போட்டால் நான் தண்ணீர் தெளித்துக்கொள்கிறேன். யாருக்கும் இல்லை என்று உறைக்குள் வெறும் வெள்ளைக் காகிதம் போடச் சொன்னாலும் போடுவார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று நீ அப்பாவிடம் சொன்னாலும் சரி, விழுகிற அடியை நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே. நீ பேசாமல் விட்ட இடத்தில் வேறு யாராவது பேசிவிடுகிறார்கள், இந்தத் தடவை நான் பேசிவிட்டேன், நானாவது உன் தங்கை.

அப்பா தன் ஓட்டைப் போடுவதாக இன்னும் இல்லை. அவ உறையைப் போடுவேன், என் பேரைக் கூப்பிட்டா காது கேக்காத மாதிரி வந்துடுவேன் என்கிறார். அம்மா வைத்திக்குப்பத்து மீன்கார அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு வஞ்சிரம் சொல்லிவைத்திருக்கிறாள். காது கேக்காம வந்தா சாம்பார்தான் என்றும் சொல்லிவைத்திருக்கிறாள்.

சின்னவள் நான் உன்னை ஆசீர்வதிக்க முடியாது, ஆகையால் அம்மா தினமும் ஜெபமாலை முடிந்ததும் உன் போட்டோவின் நெற்றியில் போடுகிற சிலுவையை அப்படியே இதில் மடித்து அனுப்புகிறேன். வடகத்தை டப்பாவில் போடுவதற்கு முன்னால் வெயில் காட்டு, வெயில் இல்லாவிட்டால் ஹீட்டர் பக்கத்தில் வை. இதைக் கிழித்துப் போட்டுவிடு. சனிக்கிழமை அப்பா கேட்கும்போது நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அங்கேயே இருக்கிறாயா என்றும் கேட்டாலும் கேட்பார். அதற்கும் நீயே பதில் சொல், அதை நான் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
அம்மாவுக்காக எழுதி எழுதி இன்றைக்குத் தனக்காக எழுதிய உன் தங்கை
லினெட்