முகவரி மட்டும் போதும்

என் செல்ல மகளுக்கு,

நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த வயதான வாத்தியாரம்மா செவ்வாய்க்கிழமை இறந்துபோய்விட்டார். நான் அழுததைப் பார்த்து அவர் மகளே அசந்துபோனாள். "பெத்த பொண்ணு எனக்கே இவ்வளவு அழுகை வரல. எங்கம்மா மேல உங்களுக்கு அவ்வளவு பாசமா?" என்றாள். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் என் படுக்கையும் இருந்தது.

இப்போது எங்கே இருக்கிறேன் என்று கவலைப்படாதே. பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளோடு வந்தவர்கள் தங்கும் கூடத்தில் இருக்கிறேன். மின்விசிறி இருக்கிறது, வெந்நீர் கிடைக்கிறது. "அஞ்சாவது வார்டுல எங்கக்கா இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். காவலாளி தினமும், "அக்காவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று விசாரிக்கிறார். இல்லாத அக்காவை நான் குணமாகவே விடுவதில்லை. குணமானால் நான் கிளம்ப வேண்டுமே!

விஷயத்துக்கு வருகிறேன். தனியாக இருக்கும் வயதான பெண்களுக்கு வீட்டுவசதி அலுவலகத்தில் ஒற்றை அறை தருகிறார்கள். விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி கேட்டார்கள். அது இல்லாமல்தானே அறை கேட்கிறேன்! வேறு வழியில்லாமல் இந்தத் தடவையும் உன் முகவரியையே எழுதினேன்.

உன் வீட்டில் இடம் கேட்கவில்லை, கண்ணு. என் பெயருக்குக் கடிதம் வந்தால் வாங்கி மட்டும் வை. வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.

போன தடவை உன் வீட்டிலிருந்து திரும்பி வந்த உறையை அலுவலகத்தில் காட்டினார்கள். 'இப்படி யாரும் இங்கே இல்லை' என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் கையெழுத்து என்று அவர்களிடம் சொன்னேன். உன் கைபிடித்து எழுதப் பழக்கியவள் நான் என்பதைச் சொல்லவில்லை.

அம்மா