தங்கச் சுரங்கத்துக் காட்டில் என் பேரைச் சொல்லாத அண்ணனுக்கு

என்னைத் தோளில் சுமந்து ஆறு கடந்த அண்ணனுக்கு,

உன் தங்கை ராசம்மா எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன கை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். தர்ஷினி இதைச் சரிபார்த்துப் பத்திரிகைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அனுப்பட்டும். இத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டவர்கள் இதையும் படிக்கட்டும்.

தர்ஷினியை ஞாபகம் இருக்கிறதா? என் மூத்த மகளின் மகள். இப்போது புத்தகம் எழுதுகிறாள், இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற நாவல். பகாங்கில் நம் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலையும், அதில் தொலைந்துபோன தங்கச் சுரங்கமும்தான் கதை.

வெள்ளைக்காரன் காலத்தில் வெள்ளம் புகுந்து, உள்ளே இருந்த ஆட்களோடு அது மூடிக்கொண்டது என்பாய். வாசல் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. செத்தவர்கள் உள்ளே இன்னும் பாறையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், அந்தச் சத்தம் காதில் விழுந்தால் அசையாமல் உட்கார்ந்துவிட வேண்டும். அந்தக் காட்டில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. பேரைக் கேட்டுவிட்டால் சுரங்கம் அந்த ஆளை விடாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் நீதான்.

தர்ஷினி கதை கேட்டபோது நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன். உனக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. அம்மாவுக்குத் தோடு செய்யத் தங்கம் எடுத்து வரலாம் என்று என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனாய். ஒரு சரிவில் கால் வழுக்கி, மூங்கில் புதருக்கடியில் இருந்த பள்ளத்தில் விழுந்தேன். பேர் சொல்லக் கூடாதென்றாலும் நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். ஒரு தடவை "ராசம்மா" என்றாயா? வெயில் சாய்ந்ததும் ஓடையைப் பிடித்துக்கொண்டு நானே நடந்து லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீ அதற்கப்புறம்தான் வந்தாய். அப்பா உன்னை இடுப்பு வாரால் அடித்தார். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறுபது வருஷத்துக்கு மேலாக இதைச் சொல்லியிருக்கிறேன். என் கல்யாணத்தில் சொன்னேன், உன் கல்யாணத்தில் சொன்னேன், உன் மகள் சடங்கிலும் பந்தியில் உட்கார்ந்து சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவாய். தோட்டத்தை விட்டு வந்து துறைமுகத்தில் நீ மூட்டை தூக்கிய காலத்தில், சம்பள நாள் தவறாமல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கி வருவாய். எனக்கு மட்டும் குழம்பு கூடுதலாக ஊற்றச் சொல்வாய். அதைத் தின்றுவிட்டு, கை கழுவும்போதே உன்னைத் திட்டுவேன்.

தங்கையைக் காட்டில் விட்டுவிட்டு ஓடும் அண்ணன் என்றுதான் தர்ஷினியும் எழுதினாள். வாசித்துக் காட்டினாள். அப்படியே இருக்கட்டும் என்றேன். பிறகு, சின்ன வயதில் நீ எப்படி இருப்பாய் என்று கேட்கக் கெலுகோரில் உன் வீட்டுக்கு அண்ணியிடம் போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"பாட்டி, தாத்தா ஓடலையாம்லா. பால் டின்ன தட்டிக்கிட்டே காடு பூரா உங்களத்தான் தேடினாராம்."

"எந்தப் பால் டின்னு?"

"தண்ணி மோக்க எடுத்துட்டுப் போனதாம். பேர் சொல்லிக் கூப்பிட்டா உங்கள சுரங்கம் எடுத்துக்கும்னு பயமாம்."

அண்ணே, அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். கிட்டே வந்தது, தூரப் போனது, மறுபடி கிட்டே வந்தது. செத்தவர்கள் பாறை உடைக்கிறார்கள் என்று நினைத்து, காதைப் பொத்திக்கொண்டு மூங்கில் வேருக்குள் ஒடுங்கினேன். மூச்சைக்கூட அடக்கினேன். நீ சொல்லித் தந்தபடி நான் அசையவில்லை. நீயும் சொன்னபடி என் பேரைச் சொல்லவில்லை. எத்தனை அடி தள்ளி நின்றாயோ, தெரியவில்லை.

அண்ணிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "ஏன் அண்ணி இத்தன வருஷம் வாயத் திறக்கல?"

"அவரு ஆரம்பிச்சாலே நீ எந்திரிச்சுப் போயிருவியே. ஒருநாள் நானே சொல்றேன்னேன். 'விடு, திட்டுறதுக்காவது வீட்டுக்கு வந்துட்டுப் போறா'ன்னுட்டாரு."

அப்படியா சொன்னாய்? திட்டாமல் இருந்தால் வரமாட்டேன் என்றா நினைத்தாய்?

புத்தகம் அச்சுக்குப் போகிற நேரம். தர்ஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன செய்ய பாட்டி? ஓடிப்போற அண்ணன்தான் விறுவிறுப்பா இருக்கான். பதிப்பாளருக்கும் அதான் பிடிச்சிருக்கு. கற்பனைன்னு போட்டுட்டா யாரு கேக்கப்போறா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் அவளை இழுத்தடித்தேன். தப்பு என்மேல் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, உனக்கே தெரியும். என் ஞாபகத்தை நம்பித்தான் இந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதே நிற்கிறது. அதில் ஒன்று பொய் என்றால் மற்றதை யார் நம்புவார்கள்? மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டேன்.

"கற்பனைக்கு வேற அண்ணன தேடிக்கோ. என் அண்ணன ஓடவிடாத."

மாற்றி எழுதிவிட்டாள். புதுப் பக்கங்களை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். அவள் கதையில் அந்தச் சிறுமி பள்ளத்திலிருந்து தலையைத் தூக்குகிறாள், அண்ணனைப் பார்த்துவிடுகிறாள். நான் தூக்கவில்லை. இருந்தாலும் அதை மாற்றச் சொல்லவில்லை.

இதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் சேவலை விற்று நீ பட்டாசு வாங்கினது அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த மாதம் உன் திதி. கெலுகோர் வீட்டில் எல்லாரும் கூடுவார்கள், என் வாயால் உன்னைக் கேவலமாகக் கேட்ட அத்தனை பேரும். படையல் போட்டுச் சூடம் காட்டியதும், அவர்கள் இலையில் உட்காருவதற்கு முன்னால் நடுவீட்டில் நின்று நானே சொல்வேன்: அண்ணன் தேடினான், நான்தான் ஒளிந்துகொண்டேன். காய் நறுக்கும்போது தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன், பாதியில் கத்தியை வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

உன் கூடப் பிறந்த ஒரே தங்கை,
ராசம்மா