சிலேத்தார் கடலில் ஒரு சிவப்புக் கொடி

என் ஆருயிர் மச்சான் சிங்காரத்துக்கு,

ஃபேரர் பார்க்கிலிருந்து மேலுலகத்துக்கு இதுவரை யாரும் எழுதத் துணியாத இந்தக் கடிதத்தில், ஒருவரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று உறுதி கூறுகிறேன். நீ நம்புவாய். நீதான் அங்கே இருந்தாயே.

கடல் விமானமெல்லாம் போய்விட்டது மச்சான். சிலேத்தாரில் இப்போது தரையில் ஓடி ஏறுகிறவைதான். உன் மகள் கமலா வாத்தியாரம்மா ஆகிவிட்டாள். போன வாரம் உன் தலைத்திவசத்தன்று பாயசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, கடல்ல மிதந்த கட்டையைப் பார்த்தது, கொடி வீசினது எல்லாம் நீங்க. அப்பா அன்னைக்கு என்னதான் செஞ்சாங்க?"

"சுக்கான் பிடிச்சாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்லா."

எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அண்ணாந்தாலும் வானம், குனிந்தாலும் வானம். நம் லாஞ்சுப் படகு இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. விமானம் கிளம்பும் பாதையில் கட்டையோ சம்பான் படகோ கிடந்தால் முன்முனையில் நின்று சிவப்புக் கொடியைத் தூக்குவது என் மாபெரும் உத்தியோகம்.

அலையில்லாத தண்ணீர் விமானத்தின் வயிற்றை விடாது, ஒட்டிக்கொள்ளும். கரையில் இருக்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஃபேரர் பார்க் திடல் அகலத்துக்கு இறக்கை விரித்த அந்த விமானம் இரண்டு தடவை ஓடிப் பார்த்து, எழும்ப முடியாமல் நின்றது.

"மாப்ளே, கடலைக் கொஞ்சம் கலைச்சுவிடுவோம்" என்று லாஞ்சைக் குறுக்கும் நெடுக்குமாக விரட்டினாய். நாம் கிளப்பிய அலை ஊர் நடுவில் இருக்கும் ஜாலான் புசார் வரை போய் இரும்புக்கடைகளைக் கழுவிவிட்டுத் திரும்பியது. நாம் ஒதுங்கி நின்றோம். விமானம் மூன்றாம் தடவை புறப்பட்டது.

அதன் பாதையில் கிடந்த கட்டை என் வாயில் எப்படி வளர்ந்தது என்று உனக்குத் தெரியும். முதலில் ஆளுயரம். பிறகு முதலை. நீ போன பிறகு, போன தீபாவளிக்குத் திமிங்கிலம். அதைக் கழுகுக் கண்ணால் கண்டு, விமானத்தில் இருந்த அத்தனை பேரையும் காப்பாற்றியவன் நான். காப்பிக்கடையில் எல்லாருக்கும் மனப்பாடம்.

உண்மையில் நான் தண்ணீருக்குள் போகும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மச்சான். அந்தக் கட்டையும் ஒரு மேகம் மாதிரிதான் மிதந்தது. சுக்கானை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தது நீ. என் மணிக்கட்டைப் பிடித்துக் கொடியோடு தூக்கியதும் நீ. விமானம் இரைச்சல் அடங்கி, கட்டைக்கு இந்தப் பக்கமே நின்றது. நம் இருவர் மேலும் உப்புத் தூறல்.

"யார் பார்த்தது?" என்று நம் வெள்ளைக்கார அதிகாரி துரை கேட்டார்.

"இவன்தான் சார்" என்று என்னைக் காட்டினாய்.

ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிக்கை வாங்கியவன் நான். வேலை போயிருந்தால் அடுத்த மாதம் உன் தங்கச்சியோடு நடக்க இருந்த கல்யாணமும் போயிருக்கும். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் உன் முன்னாலேயே இந்தக் கதையை அளந்தேன். நீ ஏன் ஒருநாளும் மறுக்கவில்லை? காப்பியை ஆற்றிக்கொண்டு எதற்காகச் சிரித்தாய்?

இந்த ஞாயிற்றுக்கிழமை கமலாவைச் சிலேத்தார் கரைக்குக் கூட்டிப்போய், பார்த்தது யார் என்று சொல்லிவிடுகிறேன். திமிங்கிலத்தையும் அங்கேயே தண்ணீரில் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் என்னிடம் விட்டுவை. கொடி என் கையில்தான் இருந்தது. அது நிஜம்.

உன் தங்கச்சியை நீ நம்பிக் கொடுத்த
மாப்பிள்ளை