கல் உடைக்கிற மாப்பிள்ளை

சேசு மரி சூசை துணை

புதூர்நாடு
30-1-1962

அன்பு மகன் சின்னப்பராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நாலு ஆடுகளும் சுகம், அப்பாவின் மூட்டுவலி எங்களைவிடச் சுகம். மண்டபத்துக் கடற்கரையில் நீ எலும்பும் தோலுமாகிவிட்டது போட்டோவிலேயே தெரிகிறது. அந்தப் போட்டோவால் வந்த வினையைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பெண் பார்க்க ஆலங்காயம் போனோம், பெண் ஜெயசெல்வி, டீச்சர். மாப்பிள்ளை வராத குறைக்கு அப்பா உன் போட்டோவையும் நீ அனுப்பிய பவளப்பாறைக் கல்லையும் மஞ்சள் பையில் தூக்கிவந்தார். போட்டோவில் நீ அரைக்கால் சட்டையோடு குந்தி, சுத்தியலால் கல் உடைக்கிறாய், பின்னால் காக்கிச் சட்டையில் உன் பியூன் தடியோடு நிற்கிறான். பெண்ணின் மாமன் ராஜாக்கண்ணு வேலூர் ஜெயிலில் வார்டராக இருந்தவர். போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெதுவாக, "இன்னா கேசுங்க?" என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். கேசும் இல்லை கீசும் இல்லை, அரசாங்க உத்தியோகம், பாறையைப் பார்த்துக் கடல் முன்காலத்தில் எதுவரை நின்றது என்று எழுதுகிற வேலை என்று நான் சொன்னேன். கூலிக்கு உடைத்தாலாவது ரோடு வரும் என்றார் அவர். பூச்சிகள் தண்ணீருக்குள் கட்டிய பாறை இன்று கரையில் வெயில் காய்கிறது என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன், பெண்ணின் தாயார் உனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றே முடிவுகட்டினாள். வெற்றிலைத் தட்டு உள்ளேயே நின்றுவிட்டது.

அப்போது ஜெயசெல்வி வந்து அந்தக் கல்லைக் கையில் எடுத்தாள், அதன் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தாள். "நம்ம மலைக்கல்லுல இந்த மாதிரி ஒண்ணுமே இல்லியே, இங்க கடல் வரவே இல்லியாங்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? நோவா காலத்து வெள்ளத்தில் வந்திருக்கும் என்றார் மாமன். "அப்ப சிப்பி எங்க மாமா?" என்றாள். அவரே உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார், வெற்றிலைத் தட்டு வந்தது. ஆனாலும் தவக்காலம் தொடங்குமுன் நீ நேரில் வரவேண்டுமாம், இல்லையென்றால் வாணியம்பாடி தோல்மண்டிக் கணக்குப்பிள்ளைக்குப் பேசிவிடுவார்கள்.

மூன்று வருஷமாக உன் கடிதங்களுக்குச் சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா என்றுதான் பதில் எழுதினேன் ராசா, உன் கல்லைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது அன்றைக்குத்தான் உறைத்தது, வெட்கமாக இருந்தது. கேட்க ஒருத்தி இருக்கிறாள், விட்டுவிடாதே.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அவள் கேட்டதற்குப் பதிலைத் தபாலில் எழுதித் தொலைக்காதே, வந்து அவளிடம் சொல். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

உன் அம்மா
மார்த்தாள்